கேசட் காலத்து கேம்காரர்கள்

“சார், கம்பெனியில் சேராமல் சொந்தமாக கேம் செய்தே பிழைக்க முடியுமா?” நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலாக நான் சொல்வது 1980களின் பிரிட்டன் கதையை. அங்கே ஒரு தலைமுறையே இதைச் செய்துபார்த்தது.

1982 ஏப்ரலில் சின்கிளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வந்தது. 16 கிலோபைட் நினைவகம் உள்ள கணினி 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. வீட்டு டிவிதான் திரை. ஆன் செய்ததுமே பேசிக் மொழியில் நிரல் எழுத ஆரம்பித்துவிடலாம். எழுதிய கேமைச் சாதாரண ஆடியோ கேசட்டில் கீச்சொலியாகப் பதிவு செய்தார்கள். டேப் ரெக்கார்டர் இருந்தால் வீட்டிலேயே பிரதி எடுத்து, பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்து, காசோலை வந்ததும் தபாலில் அனுப்பிவிடலாம். பெரிய முதல் தேவையில்லை. அதனால்தான் பள்ளி வயதுப் பிள்ளைகளும் தொழிலில் இறங்கினார்கள்.

மேத்யூ ஸ்மித் அவர்களில் ஒருவர். லிவர்பூல் பகுதியில் வளர்ந்தவர். 1983இல் ‘மேனிக் மைனர்’ வெளிவந்தபோது அவருக்கு 17 வயது. வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி 20 குகைகளை, காற்று தீர்வதற்குள் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். ஸ்பெக்ட்ரமில் ஒலிக்கென்று தனிச் சில்லு கிடையாது. ஒலி எழுப்பும் நேரத்தில் செயலியால் வேறு வேலை பார்க்க முடியாது. ஒரு துளி இசை, ஒரு துளி அசைவு என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு, விளையாடும்போதே இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டு ஒலிக்கும்படி செய்தார் ஸ்மித். இன்றும் அந்த நுட்பத்தை வகுப்பில் விளக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

அந்த கேமை வெளியிட்டது பக்-பைட் நிறுவனம். ஸ்மித் அங்கே ஊழியர் அல்லர். வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர். ஒப்பந்தம் அவருக்கு இடம் கொடுத்ததால், தானே பங்காளியாகத் தொடங்கிய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸுக்கு கேமை எடுத்துச் சென்றார். அடுத்த ஆண்டு ‘ஜெட் செட் வில்லி’யும் அங்கிருந்தே வந்தது.

கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்கு ‘எலைட்’ எழுதினார்கள். கேமுக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய 22 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படம்கூட அதைவிடப் பெரியது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. ஓர் எண் தொடரிலிருந்து கோளின் பெயரையும் இடத்தையும் வணிகத்தையும் கணினி அவ்வப்போது கணக்கிட்டுக்கொண்டது. தோர்ன் இஎம்ஐ நிறுவனம் வேண்டாமென்றது. ஏகார்ன்சாஃப்ட் 1984இல் வெளியிட்டது. மற்றக் கணினிகளுக்கான உரிமையை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் அதை பிரிட்டிஷ் டெலிகாமின் ஃபயர்பேர்டுக்கு விற்றார்கள்.

அதே 1984இல் லிவர்பூலின் இமேஜின் நிறுவனம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. பகட்டாகச் செலவு செய்த கம்பெனி அது. பிபிசி படக்குழு உள்ளே இருக்கும்போதே அந்தச் சரிவு நடந்தது. ஜெஃப் மின்டர் 1982இல் தொடங்கிய லாமாசாஃப்டோ பெரிதாக வளரவும் இல்லை, மறையவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அவர் கேம் செய்துகொண்டிருக்கிறார்.

பிறகு நின்டெண்டோ போன்ற நிறுவனங்களின் கன்சோல்கள் வந்தன. அவர்கள் அனுமதித்தால்தான் கேம் கடைக்குப் போகும் என்றானது. தனி ஆளின் வழி குறுகியது. 1993இல் ‘டூம்’ என்ற கேம் தன் முதல் பகுதியை இலவசமாகப் பரவவிட்டு, மீதியை நேரடியாக விற்று வேறொரு வழி காட்டியது. இன்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் உலகம் முழுவதும் விற்கலாம். விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் ஸ்டீமுக்கு.

டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்த ‘வெண்பா’ இந்த வழியில்தான் 2023இல் நம்மிடம் வந்தது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோனதை ஊகித்து, விளையாடுபவர் இட்லி அவிக்க வேண்டும். மறு ஆண்டு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

ஆகவே, பிழைக்க முடியும் என்றுதான் மாணவர்களிடம் சொல்கிறேன். ஆனால் திறமை மட்டும் போதாது. ஸ்மித்தாலும் பிரேபனாலும் பெல்லாலும் அடுத்த அடியைத் தாங்களே முடிவு செய்ய முடிந்தது, எழுதியதன் உரிமை தங்கள் கையில் இருந்ததால். சிறிய கேமாக இருந்தாலும் முழுசாக முடியுங்கள். கையெழுத்துப் போடுமுன் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று படியுங்கள். வருமானம் நிலைக்கும்வரை ஒரு வேலையிலும் இருங்கள். சுதந்திரமாக கேம் செய்வது என்றால், அந்த கேமுக்கு நீங்களே சொந்தக்காரராக இருப்பது.