வண்டி கட்டுவதா, வேண்டாமா?

1665ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி. லண்டனில் பிளேக் பரவத் தொடங்கிய கோடைக்காலம். சாமுவேல் பீப்ஸ் என்பவர் ஒரு வாடகைக் குதிரை வண்டியில் ஹோல்பர்ன் தெரு வழியாக வந்துகொண்டிருந்தார். நம் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க நாட்குறிப்புக்காரர் இவர். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், குமாஸ்தா என்பதுதான் பதவியின் பெயரும். அதனாலேயே எனக்கு இவரிடம் ஒரு தனிப் பிரியம்.

வண்டி மெதுவாகப் போயிற்று. இன்னும் மெதுவாகப் போயிற்று. பிறகு நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கி வந்தார். நிற்கவே முடியவில்லை அவருக்கு. திடீரென்று உடம்பு சரியில்லை, கண் தெரியவில்லை என்றார். பீப்ஸ் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார். அந்த மனிதருக்காக மனம் வருந்தியதையும், அவருக்கு வந்தது பிளேக்காக இருந்தால் தன் கதி என்ன என்று கலங்கியதையும் அன்றிரவு எழுதிவைத்தார். வண்டிக்காரர் பிழைத்தாரா, செத்தாரா என்பது நாட்குறிப்பில் இல்லை. பெயரும் இல்லை.

வரலாற்றில் வண்டிக்காரர்களின் நிலை பெரும்பாலும் இதுதான். ஏறியவர் எழுதுகிறார், ஓட்டியவர் எழுதுவதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் காலையில் எழுந்து, 'இன்று வண்டியை எடுப்பதா, வேண்டாமா' என்று யோசித்தவர்களின் பக்கத்திலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. கொரோனா முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

பீப்ஸ் ஏறிய மாதிரி வண்டிகளுக்கு 'ஹாக்னி' என்று பெயர். 1662இல் ஒரு சட்டம் போட்டு, லண்டனில் 400 வண்டிகளுக்குத்தான் உரிமம், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 பவுன் கட்டணம் என்று வைத்தார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 பவுன். குதிரையும் ஓடாவிட்டால் தீனி வேண்டாம் என்று சொல்வதில்லை. பிளேக் வந்தபோது நகர மேயர் வெளியிட்ட கட்டளைகளில் ஹாக்னி வண்டிகளுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. நோயாளியை பிளேக் விடுதிக்கு ஏற்றிப்போன வண்டி உடனே பொதுச் சவாரிக்கு வரக்கூடாது. ஐந்து ஆறு நாள் சும்மா நிறுத்தி, நன்றாகக் காற்றாட விட்ட பிறகே வரவேண்டும். சில வண்டிக்காரர்கள் அப்படிச் செய்யாமல் அடுத்த ஆளை ஏற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அதே பத்தியில் உண்டு.

சுகாதாரக் கண்ணோட்டத்தில் நல்ல கட்டளைதான். ஆனால் அந்த ஐந்து ஆறு நாள் கூலியை யார் கொடுப்பது? கட்டளையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நோயாளியை ஏற்றினால் ஒரு வாரப் பிழைப்பு போயிற்று. அப்படியானால் வண்டிக்காரருக்கு இரண்டே வழி. நோயாளியை ஏற்ற மறுக்கலாம், அல்லது ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஊர் அவரை முதலாவதற்குக் கல்நெஞ்சன் என்றது, இரண்டாவதற்கு அயோக்கியன் என்றது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் பாரிசை விட்டுவிட்டு எழுதினால் என் பழைய வகுப்புத் தோழர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அங்கே வாடகை வண்டிக்கு 'ஃபியாக்ர்' என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் செயிண்ட் ஃபியாக்ர் என்ற புனிதரின் பெயர்கொண்ட விடுதியிலிருந்து ஒருவர் வண்டிகளை வாடகைக்கு விட்டதால் வந்த பெயர். அந்தப் புனிதர் உண்மையில் தோட்டக்காரர்களின் காவலர். விடுதிப் பலகையின் புண்ணியத்தில் வண்டிக்காரர்களுக்கும் காவலராகிவிட்டார். 1832 மார்ச் கடைசியில் பாரிசில் காலரா புகுந்தது. சில மாதங்களில் பதினெட்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிணவண்டிகள் போதவில்லை. அப்போது பாரிசில் இருந்த ஜெர்மன் கவிஞர் ஹைனே, சவப்பெட்டிகளை ஃபியாக்ர் வண்டிகளில் குறுக்காக வைத்து, இரண்டு பக்கக் கதவு வழியாகவும் பெட்டியின் முனைகள் நீட்டிக்கொண்டிருக்க ஓட்டிச் சென்றதைத் தன் நாட்டுப் பத்திரிகைக்கு எழுதினார். நேற்றுவரை நாட்டிய விருந்துக்குப் போனவர்களை ஏற்றிய அதே வண்டி. ஓட்டியவர்கள் பயப்படாமலா ஓட்டியிருப்பார்கள்? விருந்துச் சவாரி நின்றுபோன ஊரில் வேறு என்ன சவாரி இருந்தது?

இனி, என்னைப் போல முப்பது வருடம் கோப்புகளோடு காலம் தள்ளியவர்களுக்குப் பிடித்த பகுதி. 1875இல் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் 126, 127ஆம் பிரிவுகள் வாடகை வண்டியைப் பற்றியவை. தொற்றுநோய் உள்ளவர் அதை ஓட்டுநரிடம் சொல்லாமல் பொது வண்டியில் ஏறினால் 5 பவுன் வரை அபராதம். தெரிந்தே அப்படிப்பட்டவரை ஏற்றிய ஓட்டுநர் உடனே வண்டியைக் கிருமி நீக்கம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் அவருக்கும் 5 பவுன் வரை அபராதம். இதுவரை 1665இன் தொடர்ச்சிதான். ஆனால் சட்டத்தில் 'ஆனால்' என்று வரும் இடத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். 127ஆம் பிரிவின் கடைசியில் அது வருகிறது. வண்டியைச் சுத்தம் செய்வதில் ஏற்படும் செலவையும் நட்டத்தையும் ஈடுகட்டும் தொகையை முன்கூட்டியே கொடுக்காதவரை, எந்த ஓட்டுநரும் அந்த நோயாளியை ஏற்றக் கட்டாயமில்லை.

இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று இந்த ஒரு வாக்கியம் வருவதற்கு. வண்டிக்காரரும் மனிதர், அவருக்கும் வயிறு உண்டு, சும்மா நிற்கும் நாளுக்கும் விலை உண்டு என்று ஒரு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட வாக்கியம். அதில் ஓட்டையும் உண்டு. ஏழை நோயாளி அந்தத் தொகைக்கு எங்கே போவார்? அதற்கு மருந்தாக 1880களில் லண்டனில் தொற்றுநோயாளிகளுக்கென்றே அரசுச் செலவில் ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. வாடகை வண்டிக்காரரின் தோளிலிருந்து பாரத்தை இறக்கிவைத்தார்கள் என்று சொல்லலாம்.

எங்கள் சிறுவயதில் புதுச்சேரியில் பெரியம்மை இன்னும் இருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டின் முன் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் நிற்கமாட்டார். கூப்பிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். அவரைத் திட்டிய பெரியவர்கள் பலர். அந்த வீட்டுக்குள் தாங்கள் கால் வைத்தார்களா என்றால், இல்லை.

2020க்கு வருவோம். அந்த ஜனவரியில் நடந்த இரண்டு விஷயங்கள் இப்போது பலருக்கு மறந்திருக்கும். ஜப்பானில் சீனாவுக்கே போகாமல் கொரோனா வந்த முதல் ஆள் நாரா பகுதியைச் சேர்ந்த ஒரு சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். வூஹானிலிருந்து வந்த பயணிகளை ஏற்றியவர். ஜனவரி 28இல் அறிவித்தார்கள். மூன்று நாள் கழித்துத் தாய்லாந்தில் அப்படிப்பட்ட முதல் ஆள் ஒரு டாக்சி ஓட்டுநர். அதாவது, ஊருக்குள் நோய் நுழையும்போது வாசலில் நிற்பவர்கள் இவர்கள்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வைப்பவர், கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்.

அந்த மே மாதம் 11ஆம் தேதி பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் தொழில்வாரியாக ஒரு கணக்கு வெளியிட்டது. ஏப்ரல் 20 வரையிலான கணக்கு. இங்கிலாந்து, வேல்ஸில் வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் லட்சத்துக்கு 9.9 பேர் கொரோனாவால் இறந்திருந்தார்கள். டாக்சி, கார் ஓட்டுநர்களில் லட்சத்துக்கு 36.4. மூன்றரை மடங்குக்கும் மேல். தொழில்தான் காரணம் என்று அந்த அறிக்கை அறுதியிட்டுச் சொல்லவில்லை. மற்ற காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் படித்த ஓட்டுநரின் வீட்டில் அந்த நுணுக்கமா பேசியிருப்பார்கள்?

'அப்படியானால் வீட்டில் இருந்திருக்கலாமே' என்று கேட்கத் தோன்றும். தேதிகளைப் பாருங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு லாபத்தில் 80 சதவீதம் தருகிறோம் என்று பிரிட்டன் அரசு அறிவித்தது மார்ச் 26. விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தது மே 13. இடையில் ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் வீட்டு வாடகை, கார் தவணை, காப்பீடு எதுவும் காத்திருக்கவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்து முந்தைய வருடக் கணக்குத் தாக்கல் செய்யாதவர்களுக்கு அதுவும் இல்லை. பிரான்சில் வருமானம் இழந்த சிறுதொழில்காரர்களுக்கு மாதம் 1,500 யூரோ வரை கொடுத்தார்கள். அங்கே இன்னொரு நல்ல ஏற்பாடு, கொரோனாவுக்கு முன்பிருந்தே உண்டு. அரசு மருத்துவக் காப்பீட்டோடு ஒப்பந்தம் செய்துகொண்ட டாக்சிகள் டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லும். வாடகையைக் காப்பீடு கொடுத்துவிடும். பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே குடியேறிய நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிந்த விஷயம்.

நியூயார்க்கில் வேறு யோசனை. சவாரி இல்லாமல் நின்ற டாக்சி ஓட்டுநர்களை, வீட்டைவிட்டு வெளியே வரமுடியாதவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்க மாநகராட்சி அமர்த்தியது. மணிக்கு 15 டாலர், வண்டி ஓடிய தூரத்துக்குத் தனி. வண்டியும் ஓடியது, பின் இருக்கையில் இருமுகிறவரும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நம் பக்கம்? தமிழ்நாட்டில் நல வாரியத்தில் பதிவு செய்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். கர்நாடகத்தில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கு ஒருமுறை 5,000, டில்லியிலும் 5,000. ரிசர்வ் வங்கி மார்ச் 27இல் கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்றது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிவைத்தது தவணையைத்தான், வட்டியை அல்ல. வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வட்டிக்கு வட்டியை மட்டும் பின்னால் தள்ளுபடி செய்தார்கள்.

என் மனைவிக்கு அப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஊரடங்கு வந்தாலும் சிறுநீரகத்துக்கு விடுமுறை கிடையாது. எப்போதும் எங்களை அழைத்துப்போகும் வேன்காரர் எங்கள் தெருவிலேயே இருந்தார். சுற்றுலாச் சவாரியை நம்பிக் கடனில் வண்டி வாங்கியவர். வீட்டில் எழுபத்தைந்து வயதுத் தாயார், இரண்டு பிள்ளைகள். மார்ச் கடைசியில் போய்க் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க சார், வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றார். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனமான பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருந்தார். கூப்பிட்டு வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்:

"அம்மாவுக்காக வரேன் சார். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வண்டிக் கடனை யாரு கட்டுவாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. அரசு மருத்துவப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்திருந்தது அப்போதைய செய்தி. ஆம்புலன்ஸ் இல்லாத தெருவில் நோயாளியை ஏற்றும் வேன்காரர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். வழக்கமான வாடகையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். பேரம் பேசாமல் சரி என்றார். திரும்பி வந்ததும் வாசலில் வைத்தே வண்டியை பிளீச்சிங் தண்ணீரால் கழுவி, நான்கு கதவையும் திறந்துபோட்டு வெயிலில் காயவைப்பார். அன்று வேறு சவாரி எடுக்கமாட்டார்.

நோய்க் காலத்தில் இரண்டு மடங்கு வாங்குகிறான் பாருங்கள் என்று தெருவில் சிலர் பேசினார்கள். என் காதிலேயே விழுந்தது. அவர்கள் எல்லோரும் மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவர்கள், நானும்தான். 1875ஆம் வருடத்துச் சட்டத்தில் அவர் கேட்டதற்கு இடம் இருந்தது என்று அவர்களிடம் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. இந்தப் பிரிவையெல்லாம் படித்தது பிறகுதான். தெரிந்திருந்தால் சட்டப் புத்தகத்தோடே போயிருப்பேன்.

மே, ஜூனில் வண்டிகளுக்கு அனுமதி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தமிழ்நாட்டில் முதலில் சென்னைக்கு வெளியே ஆட்டோவில் ஒரே ஒரு பயணி, பிறகு இரண்டு பேர். காரில் மூன்று பேர். மாவட்டம் தாண்ட இ-பாஸ். அனுமதி கிடைத்ததும் எல்லோரும் சந்தோஷமாக வண்டியை எடுத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் வேன்காரர் சொன்னது வேறு. தடை இருந்தபோது வீட்டில் இருப்பதற்கு ஒரு சாக்கு இருந்தது, வங்கிக்காரரிடமும் அதைச் சொல்ல முடிந்தது. தடையை எடுத்த பிறகு, போவதும் போகாததும் 'உன் இஷ்டம்' ஆகிவிட்டது. ஒரு சவாரிக்கு ஒரு ஆளை ஏற்றினால் டீசல் காசு தேறாது. நான்கு பேரை ஏற்றினால் போலீஸ் அபராதம், நோய் பயம். நிறுத்தினால் தவணை.

இரண்டாம் அலையில், 2021 மே மாதம், அவர் தாயாருக்குக் காய்ச்சல் வந்தது. தன் வேனிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டு நாளில் பிழைத்து வந்துவிட்டார்கள். நோய் வண்டியிலிருந்து வந்ததா, மார்க்கெட்டிலிருந்து வந்ததா என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

தள்ளிவைத்த ஆறு தவணையும் வட்டியும் சேர்ந்து கடன் காலத்தை நீட்டிவிட்டன. கடைசித் தவணையை 2023இல் கட்டினார். வங்கி கொடுத்த சான்றிதழைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். ஒரு வரி விடாமல் படித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் கடன் பதிவை நீக்க எந்தப் படிவம் கொடுக்கவேண்டும் என்று சொல்லி, நானே நிரப்பியும் கொடுத்தேன்.