மேலே பாய்ந்த மின்னல்

பல வருடங்களுக்கு முன்னர் வகுப்பில் மின்னலைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடற்றொழிலாளி ஒருவரின் மகன் எழுந்தான்.

“சேர், எங்கட வாப்பா கடல்ல நிக்கக்குள்ள, மின்னல் முகிலுக்கு மேலால வானத்துக்குப் போனதக் கண்டாராம்.”

வகுப்பே சிரித்தது. “மின்னல் கீழதான் வரும், குந்து மனே” என்றேன் நானும். இந்த விடயத்தின் வரலாற்றைப் பின்னாளில் வாசித்தபோதுதான் என் தவறு விளங்கியது.

1886இலேயே ‘நேச்சர்’ சஞ்சிகையில் டொயின்பி, மக்கென்சி ஆகியோரின் பெயரில், முகிலிலிருந்து வாணம் போல் மேலெழுந்த ஒளியைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. ஸ்கொட்லாந்து பௌதிகவியலாளர் சி.ரி.ஆர். வில்சன் 1920களில் இதற்கான காரணத்தையும் கணித்தார். உயரே செல்லச் செல்ல காற்று ஐதாகிறது. ஆகவே இடிமுகிலின் மின்புலம் பலவீனமடைந்தாலும், அங்கே மின்னிறக்கம் நிகழ அது போதும் என்றார். 1927இல் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆனாலும் இந்தக் கணிப்பு நீண்டகாலம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

விமானிகளும் இத்தகைய ஒளியைக் கண்டதுண்டு. அமெரிக்க விஞ்ஞானி பேர்னார்ட் வொனகட் அவர்களுடைய வாய்மொழிகளைக் கேட்டுச் சேகரித்துப் பிரசுரித்தார்.

1989 ஜூலை 6ஆம் திகதி இரவு, மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் விங்க்லர் குழுவினர் ரொக்கெட் ஆய்வுக்கான கமெராவொன்றைப் பரீட்சித்துக்கொண்டிருந்தனர். தூரத்து இடிமுகிலுக்கு மேலே இரண்டு ஒளித்தூண்கள் தற்செயலாக அதில் பதிவாகின. அதன் பிறகே உலகம் நம்பியது. விண்ணோடங்களின் பழைய ஒளிப்பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோது அவற்றிலும் அது இருந்தது!

இன்று இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சிவப்பு நிற ‘ஸ்பிரைட்’ 50 முதல் 90 கிலோமீற்றர் வரையான உயரத்தில் சில மில்லிசெக்கன்கள் தோன்றி மறையும். கீழே வலிமையான மின்னலொன்று தரையில் இறங்கியதும் உயரே பிறப்பது அது. முகிலின் உச்சியிலிருந்தே மேலே பாய்பவை நீலத் தாரைகளும் இராட்சதத் தாரைகளும். 2001இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பதிவான ஒரு தாரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் உயரத்தை எட்டியது.

அந்த வாப்பா கண்டது இவற்றில் ஒன்றா என்று என்னால் சொல்ல முடியாது. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், என்ன நிறத்தில் என்று அன்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஒரு குறிப்பாவது மிஞ்சியிருக்கும். வொனகட் கேட்டார், நான் கேட்கவில்லை.