கக்கூஸுக்கு ஒரு காலதர்

வீட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு நீங்க முணுமுணுக்கறது காதுல விழுது. என்ன செய்ய மக்களே, ஆபீஸ்ல பிடுங்கற ஆணிகளுக்கு நடுவுல போன மாசம் நான் உருப்படியா கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். கொஞ்சம் பொறுமையா படிங்க, கொசுவத்தி 1696 வரைக்கும் சுத்தப் போகுது :-)

நாங்க இருக்கறது லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு வாடகை வீடு. நூறு வருஷத்துக்கு மேல பழசு. பக்கத்து வீட்டோட சுவர் ஒட்டின வரிசை வீடு. கட்டின காலத்துல கக்கூஸ் கொல்லைப்புறத்துல இருந்திருக்கு. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் மாடிப்படிக்குக் கீழே இருந்த அடைசல் இடத்துல ஒரு டாய்லெட்டைச் சொருகிட்டார். ஒன்றரை மீட்டர் நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், உயரம் சராசரியா ரெண்டு மீட்டர். ஜன்னல் கிடையாது. வெளிச்சுவரே கிடையாது. ஒரு பல்பு, மேலேர்ந்து தொங்கற ஒரு கயிறு. கயிற்றை இழுத்தா லைட் எரியும். அவ்வளவுதான் வசதி.

முதல் குளிர்காலத்துல மூலையில சாம்பல் நிறத்துல ஒரு கறை. ரெண்டாவது குளிர்காலத்துல அது கறுப்புப் புள்ளிகளாகி, சுவரைத் தாண்டி படிக்கட்டுப் பக்கம் வந்தாச்சு. பொண்ணுக்கு அப்ப பதினாலு மாசம். ராத்திரியெல்லாம் இருமல், மூச்சு விடறப்ப விசில் சத்தம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வீட்டுல ஈரம், பூஞ்சை இருக்கான்னுதான்.

ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன். மனுஷன் அலட்டிக்கவே இல்லை. "நீங்க நிறைய சமைக்கறீங்க, வீட்டுக்குள்ள துணி காயப் போடறீங்க, ஜன்னலைத் திறக்கறதே இல்லை. பெயின்ட் அடிச்சுக்கோங்க."

துணி விஷயம் உண்மைதான். அந்த டாய்லெட்டுக்குள்ளேயே ஒரு கொடி கட்டி வெச்சிருந்தேன் (தங்கமணி வேண்டாம்னு சொல்லியும் கேக்கலை. அதுக்கான அர்ச்சனை தனியா நடந்துச்சு). ஆனா எந்த ஜன்னலைத் திறக்கச் சொல்றார்? ஙேன்னு முழிச்சேன். ஜன்னலே இல்லாத ஒரு டாய்லெட்டைக் கட்டலாம்னு எப்ப முடிவாச்சு? அந்தக் கேள்வியோடதான் தேட ஆரம்பிச்சேன்.

இங்கிலாந்துல 1696-ல ஜன்னலுக்கு வரி போட்டாங்க. மூன்றாம் வில்லியம் ஆட்சி. ஒரு வீட்டுக்கு 2 ஷில்லிங். பத்திலேர்ந்து இருபது ஜன்னல் இருந்தா கூட 4 ஷில்லிங், அதுக்கு மேல போனா கூட 8 ஷில்லிங். பணக்காரன் வீட்டுல ஜன்னல் அதிகம், அவன் அதிகம் கட்டட்டும்ங்கறது கணக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நகரத்துல ஏழைங்க இருந்தது பல குடும்பம் அடைஞ்சு கிடந்த பெரிய கட்டடங்கள்ல. மொத்தக் கட்டடத்தோட ஜன்னலையும் எண்ணி ஓனர்கிட்ட வரி கேட்டாங்க. ஓனர் என்ன செய்வார்? செங்கல் வெச்சு ஜன்னலை அடைச்சார். வரி மிச்சம். வெளிச்சமும் காத்தும் போனது வாடகைக்கு இருந்தவனுக்கு. 1851-ல ரத்தாகற வரைக்கும், 155 வருஷம், இந்தக் கூத்து நடந்திருக்கு.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். இங்கிலீஷ்ல ஜன்னலுக்கு இருக்கற சொல்லு பழைய நோர்ஸ் மொழியிலேர்ந்து வந்தது, அர்த்தம் 'காற்றின் கண்'. நம்ம பழந்தமிழ்ல ஜன்னலுக்குக் 'காலதர்'னு ஒரு சொல் உண்டு. கால்னா காற்று, அதர்னா வழி. ரெண்டு மொழியிலயும் அந்த ஓட்டைக்குப் பேர் வெச்சவன் முதல்ல நினைச்சது காத்தைத்தான். வெளிச்சத்தை இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

கக்கூஸுக்கு வருவோம். 1775-ல அலெக்சாண்டர் கம்மிங்னு ஒரு கடிகாரக்காரர் பாம்பு மாதிரி வளைஞ்ச குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், சாக்கடை நாத்தம் மேல வராது. இன்னிக்கும் நம்ம டாய்லெட்ல இருக்கறது அதே தத்துவம்தான். 1848-ல வந்த பொதுச் சுகாதாரச் சட்டம், புது வீடுன்னா கழிப்பிடம் இருந்தே ஆகணும்னுச்சு.

அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க நாத்தத்துக்கு இப்படிப் பயந்ததுக்குக் காரணம் இருக்கு. வியாதியைக் கொண்டு வர்றதே கெட்ட காத்துதான்னு உறுதியா நம்பினாங்க. சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி நின்ன எட்வின் சாட்விக்கும் அந்தக் கட்சிதான். 1854-ல ஜான் ஸ்னோங்கற டாக்டர், காலரா பரவறது தண்ணியாலன்னு பிராட் தெரு அடிபம்பை வெச்சுக் காட்டினார். அதிகம் பேர் கேக்கலை. 1858 கோடையில தேம்ஸ் நதி நாறின நாத்தத்துல பார்லிமென்ட் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசல்ல முக்கித் தொங்க விட்டாங்க. அதுக்கப்புறம்தான் பேசல்கெட் கையில லண்டன் சாக்கடை வேலை முழுசா வந்துச்சு. 1871-ல இளவரசர் ஸ்கார்பரோவுல ஒரு மாளிகையில விருந்தாளியா தங்கிட்டு வந்து டைஃபாய்டுல விழுந்தார். பிழைச்சுட்டார். ஆனா அதே விருந்துக்குப் போன ஒரு பிரபு செத்துட்டார். பழி சாக்கடைக் காத்து மேல விழுந்துச்சு.

இந்தப் பயத்துலேர்ந்து வந்ததுதான் 1877-ல அரசாங்கம் வெளியிட்ட மாதிரி விதிகள். கக்கூஸோட ஒரு பக்கமாவது வெளிச்சுவரா இருக்கணும். ரெண்டு அடிக்கு ஒரு அடி ஜன்னல், நேரா வெளிக்காத்துக்குத் திறக்கணும். அது போதாதுன்னு, எப்பவும் காத்து போய் வர சுவர்ல ஓட்டை போட்ட செங்கல் ஒண்ணும் வேணும்.

தமாஷ் என்னன்னா, விதி வந்து ஏழே வருஷத்துல கோட்பாடு அவுட். 1880-ல டைஃபாய்டு கிருமியை ஏபெர்த் கண்டுபிடிச்சார். 1884-ல ராபர்ட் கோக் நம்ம கல்கத்தாவுல உக்காந்து காலரா கிருமியைப் பிடிச்சுட்டார். நாத்தத்தால காலரா வராது, தண்ணியாலதான் வருதுன்னு ஆச்சு. ஆனா ஜன்னல் விதியை யாரும் தூக்கலை. பொட்டி தட்டறவங்களுக்கு இது நல்லாப் புரியும்: பக்குக்குச் சொன்ன காரணம் தப்பு, போட்ட ஃபிக்ஸ் மட்டும் சரி :-)

அப்ப ஜன்னல் எப்படிப் போச்சு? கரண்ட் வந்ததால. கேஸ் விளக்கு எரிஞ்சா உள்ள இருக்கற பிராணவாயுவைத் தின்னும், நீராவியை விடும். ஜன்னல் இல்லாத பொந்துல அதை வெச்சா மூச்சு முட்டும். மின்சார பல்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 1881-ல கோடல்மிங்ங்கற சின்ன ஊர்ல தெருவுக்கு மின்சாரம் வந்துச்சு. அடுத்த வருஷமே, 1882-ல, வயரிங்கால தீப்பிடிக்காம இருக்க முதல் விதிப் புத்தகம் வெளிவந்துடுச்சு. இன்னிக்கு இங்க எலக்ட்ரீசியன்கள் வேதமா வெச்சிருக்கற புத்தகத்தோட மூதாதை அதுதான். 1936-ல ஏக்ஸ்டர்ங்கறவர் ஜன்னல்லயே மாட்டற மின்விசிறியைக் கொண்டு வந்தார். அதிலேர்ந்து வெண்ட்-ஆக்சியா கம்பெனி பிறந்துச்சு.

ஆக ஜன்னல் செஞ்ச ரெண்டு வேலையைப் பிரிச்சுக் குடுத்தாச்சு. வெளிச்சத்துக்கு பல்பு, காத்துக்கு ஃபேன். ரெண்டும் இருந்தா வீட்டு நடுவுல, வெளிச்சுவரே இல்லாத இடத்துலகூட டாய்லெட் வைக்கலாம். காகிதத்துல கணக்கு சரியா இருக்கு.

ஆனா பல்பு இல்லைன்னா அன்னிக்கே தெரிஞ்சுடும், இருட்டுல எவனும் போக மாட்டான். அதனால பல்பை யாரும் விட்டுட மாட்டாங்க. ஃபேன் இல்லைன்னா ரெண்டு குளிர்காலம் கழிச்சுத்தான் தெரியும். தெரியும்போது வீட்டு ஓனர் அங்க இருக்க மாட்டார். எங்க வீட்டுல நடந்தது இதேதான். ஜன்னலோட பாதியை மட்டும் குடுத்துட்டு மறு பாதியை மிச்சம் பிடிச்சுட்டாங்க. 1696-ல செங்கல், இப்ப ஃபேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதெல்லாம் வெறும் இருமலோட முடியற விஷயமும் இல்லை. ராச்டேல்ல அவாப் இஷாக்ங்கற ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பர்ல செத்துப் போச்சு. பூஞ்சை பிடிச்ச ஃபிளாட். 2017-லயே அப்பா புகார் சொன்னப்ப, பெயின்ட் அடிச்சுக்கோன்னு பதில். 2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி தெளிவாச் சொன்னார்: அந்தக் குடும்பம் சாதாரணமா வாழ்ந்துச்சு, சரியான காற்றோட்டம் இல்லாததாலதான் பூஞ்சை வந்துச்சு. 2023-ல அந்தக் குழந்தை பேராலயே சட்டம் வந்து, 2025 அக்டோபர்ல சமூகக் குடியிருப்புகளுக்கு நடைமுறைக்கு வந்துச்சு. அதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பக்கத்துல பொண்ணு விசில் அடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தா. "பெயின்ட் அடிச்சுக்கோங்க" மட்டும் காதுல திரும்பத் திரும்பக் கேட்டுச்சு.

அடுத்த நாளே ஓனருக்கு விதியோட ஒரு கடிதம். டாய்லெட்டுக்கு நொடிக்கு 6 லிட்டர் காத்தை வெளியே இழுக்கற ஃபேன். திறக்கற ஜன்னல் இல்லைன்னா, லைட்டை அணைச்ச பிறகும் 15 நிமிஷம் ஓடணும். கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க பொந்துல 2,700 லிட்டர் காத்து. 15 நிமிஷத்துக்கு 5,400 லிட்டர். சரியா ரெண்டு தடவை காத்து மாறும். ஃபேன் 8 வாட்தான், நாள் முழுக்க ஓடினாலும் 0.2 யூனிட்டைத் தாண்டாது. கடிதம் போய் மூணு வாரம் கழிச்சு மனுஷன் ஆள் அனுப்பினார்.

வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை. அறுபது வயசிருக்கும். நான் டார்ச் பிடிக்கற எடுபிடி. எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர்ங்கற மிதப்புல, சீலிங் ரோஸைத் திறந்ததும் "இந்தக் கறுப்பு நியூட்ரல்தானே அண்ணை?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"தம்பி, அப்பிடி நினைச்சுத் தொட்டீங்களெண்டா நேரே மேல போக வேண்டியதுதான். இது சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வாற வயர். லைட்டைப் போட்டா இதிலை கரண்ட் நிக்கும்."

நம்ம ஊர்ல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இங்கயும் பழைய வீடுகள்ல அதேதான். 2004-க்கும் 2006-க்கும் நடுவுல பழுப்பு, நீலம்னு மாத்திட்டாங்க. புது மூணு கோர் கேபிள்ல பழுப்பு, கறுப்பு, சாம்பல். அதுல கறுப்பைப் பாத்து நியூட்ரல்னு நினைச்சா தொலைஞ்சோம். டைமர் ஃபேனுக்கு மூணு வயர் வேணும்: எப்பவும் கரண்ட் இருக்கற லைவ் ஒண்ணு, லைட்டோட சேர்ந்து வந்து போற லைவ் ஒண்ணு, நியூட்ரல் ஒண்ணு. முதல் லைவ் இல்லைன்னா லைட் அணைஞ்சதும் ஃபேனும் நின்னுடும், அந்தப் 15 நிமிஷம் கிடைக்காது. ரிப்பேருக்காக மூணையும் ஒரே நேரத்துல துண்டிக்கற சுவிட்சைக் கதவுக்கு வெளியே மேல வெச்சார். குழாயைச் சமையலறைக் கூரைக்குள்ள கொண்டு போய்ப் பின்சுவர்ல வெளியே விட்டார்.

எல்லாம் முடிஞ்சு, கதவைக் கழட்டி அடியில ஒரு சென்டிமீட்டர் அறுத்தார். ஏன்னு கேட்டேன்.

"காத்து வெளியால போறதெண்டா உள்ளுக்கு வரவும் வழி வேணுமெல்லோ, தம்பி?"

கதவைச் சாத்திட்டு டாய்லெட் பேப்பர் ஒரு துண்டை ஃபேன்கிட்ட காட்டினார். டப்புன்னு போய் ஒட்டிக்கிச்சு.

ஆச்சு ரெண்டு மாசம். கொடியைக் கழட்டிட்டேன், தங்கமணி சொன்னபடியே. கறை திரும்ப வரலை. பொண்ணோட விசில் சத்தம் குறைஞ்சிருக்கு. ஃபேனாலயா, குளிர் முடிஞ்சதாலயான்னு டாக்டரே சொல்லலை, நானும் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு வந்து படுத்தா, கீழே அது மட்டும் மெல்லமா ஓடிக்கிட்டிருக்கும். கண் இல்லாத காலதர். 15 நிமிஷம் எண்ணிட்டு அதுவும் தூங்கப் போயிடும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் ஸ்க்ரூடிரைவரோட கிளம்பிடாதீங்க. மெயினை நிறுத்தின பிறகும் டெஸ்டர் வெச்சுப் பாக்காம அண்ணை எந்த வயர்லயும் கை வைக்கலை. முப்பது வருஷ அனுபவம் அவருக்கு. நமக்கு டார்ச் பிடிக்கற வேலையே போதும் :-)