கான்ஃப்ரன்ஸுக்குத் தனியா போறீங்களா? துணைக்கு ஒரு ஹேஷ்டேக் இருக்கு!

கழுத்தில் ஐ.டி கார்டு, தோளில் ஸ்பான்சர் கொடுத்த பை, கையில் சாப்பாட்டுத் தட்டு. சுற்றிலும் ஐந்நூறு பேர். ஆனால், பேச்சுத்துணைக்கு ஒருவர்கூட இல்லை. முதன்முறையாக கான்ஃப்ரன்ஸுக்குத் தனியாகப் போகிற பலருக்கும் லஞ்ச் பிரேக் இப்படித்தான் கழியும். ஏதோ முக்கியமான மெசேஜ் வந்ததுபோல போனை நோண்டிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார்கள்.

டிக்கெட், பஸ், ரூம் வாடகை என்று கைக்காசு போட்டு வந்தவர்களுக்கு இது பெரிய நஷ்டம். ஏனென்றால், மேடைப் பேச்சுகள் பலவும் பின்னர் யூடியூபிலேயே வந்துவிடும். அந்த ஐந்நூறு பேர் அங்கே மட்டும்தான் கிடைப்பார்கள். அவர்களோடு பேச ஒரு வழி, பேனரில் # போட்டு அச்சடித்திருக்கும் அந்த ஒற்றை வார்த்தை.

பொறந்ததே இதுக்காகத்தான்!

ஹேஷ்டேக் என்றாலே பட டீஸரும் பர்த்டே ட்ரெண்டிங்கும்தான் ஞாபகம் வரும். ஆனால், அதன் ஆரம்பமே இப்படி ஒரு சந்திப்போடு சம்பந்தப்பட்டது. 2007 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் கிறிஸ் மெஸினா, குழுக்களைக் குறிக்க # பயன்படுத்தலாமே என்று ட்விட்டரில் கேட்டார். அவர் காட்டிய உதாரணம் #பார்கேம்ப். வருகிறவர்களே தலைப்பு சொல்லி, அவர்களே பேசும் டெக் சந்திப்புதான் பார்கேம்ப். ஹேஷ்டேகை க்ளிக் செய்தால் மற்ற பதிவுகள் வரும் வசதியை ட்விட்டர் கொண்டுவந்தது 2009-ல்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* சரியான ஹேஷ்டேகைக் கண்டுபிடியுங்கள். பைதான் புரோகிராமர்கள் கூடும் பைகான் இந்தியா, 2019-ல் சென்னையில் நடந்தது. இப்படி ஊர் மாறி மாறி நடக்கும் நிகழ்வுகளில் ஹேஷ்டேகும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். பழையதில் பதிவு போட்டால், காலி ஹாலில் பேசுவது மாதிரிதான். நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இடைவெளியோ, ஹைஃபனோ விட்டால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும்.

* உங்கள் அக்கவுன்ட் பிரைவேட்டில் இருந்தால், ஹேஷ்டேக் போட்டும் புதியவர்கள் யாருக்கும் அது தெரியாது. பர்சனல் பக்கத்தைத் திறந்துவிட மனமில்லையா? வேலை விஷயங்களுக்கென்று தனி அக்கவுன்ட் வைத்துக்கொள்ளலாம்.

* ஒரு வாரம் முன்பே தேடிப் பாருங்கள். எக்ஸ் தளத்தில் 'டாப்' பகுதியைவிட 'லேட்டஸ்ட்' பகுதி உதவும். டாப்பில் பிரபலங்களின் பதிவுகள்தான் முன்னால் நிற்கும். உங்களைப் போலவே முதன்முறை வருகிறவர், உங்கள் ஊர்க்காரர், உங்கள் துறைக்காரர் என்று நாலு பேரைக் கண்டுபிடித்து பதில் போடுங்கள்.

* 'சூப்பர் எக்ஸைட்டட்!' என்ற பதிவுக்கு லைக் விழும், பதில் வராது. இப்படி எழுதிப் பாருங்கள்: "மதுரையில இருந்து வர்றேன். இதுதான் முதல் கான்ஃப்ரன்ஸ். டேட்டா சயின்ஸ் கத்துக்கிட்டிருக்கேன். முதல் நாள் லஞ்ச்ல யாராவது சேர்ந்து சாப்பிடலாமா?" யார், என்ன, எப்போது என்று மூன்றுமே இதில் இருக்கிறது. படிப்பவர் 'நானும் வர்றேன்' என்று சொன்னால் போதும்.

ஹாலுக்குள்ள போனதும்...

எல்லா ஸ்லைடையும் போட்டோ எடுத்துத் தள்ள வேண்டாம். போட்டோ வேண்டாம் என்று பேச்சாளர் சொன்னால் எடுக்கவே கூடாது. ஒரு பேச்சுக்கு உங்களுக்குப் பிடித்த ஒரு கருத்து, இரண்டு வரியில் போதும்.

அதைவிட நல்ல வழி, அடுத்தவர் பதிவுக்குப் பதில் போடுவது. "நீங்க எழுதின ரெண்டாவது பாயின்ட் எனக்குப் புரியல. டீ பிரேக்ல பேசலாமா? ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் பக்கத்துல இருக்கேன்." அவ்வளவுதான். ஹேஷ்டேக் ஆளைக் காட்டும், எழுந்துபோய்ப் பேச வேண்டியது நாம்தான்.

நாலு பேர் சேர்ந்துவிட்டால், 'பேக்மேன் ரூலை' மறக்காதீர்கள். எரிக் ஹோல்ஷர் என்ற புரோகிராமர் எழுதி, டெக் சந்திப்புகளில் பரவிய பழக்கம் இது. வட்டமாக நின்று பேசும்போது, பேக்மேன் கேமில் வரும் திறந்த வாய் மாதிரி ஓர் ஆள் நிற்க இடம் விட வேண்டும். ஓரமாக நிற்கும் இன்னொருவர் தயங்காமல் வந்து சேர்வதற்கான இடம் அது.

இதெல்லாம் வேண்டாமே!

ஹேஷ்டேக் பொதுவெளி. டிக்கெட் வாங்காதவர்களும் பார்க்கலாம். தங்கும் ஹோட்டல் பெயர், ரூம் நம்பர், போன் நம்பர் எதையும் அதில் போடாதீர்கள். ஐ.டி கார்டோடு செல்ஃபி எடுத்தால் க்யூஆர் கோடை மறைத்துவிடுங்கள். சில நிகழ்ச்சிகளில் அதை ஸ்கேன் செய்தாலே உங்கள் தொடர்பு விவரங்கள் வந்துவிடும். முதல் சந்திப்பு, ஆட்கள் நடமாடும் கான்ஃப்ரன்ஸ் ஹாலிலேயே இருக்கட்டும். யாராவது தொல்லை கொடுத்தால், ஸ்கிரீன்ஷாட்டோடு அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள். பல நிகழ்ச்சிகளில் இதற்கென நடத்தை விதிகளும், புகார் கேட்க ஆட்களும் இருப்பார்கள்.

திரும்பி வந்த பிறகு...

நிகழ்ச்சி முடிந்த சில நாள்களில் ஹேஷ்டேக் ஓய்ந்துவிடும். அதனால், ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மெசேஜ். வெறும் 'ஹாய்' வேண்டாம். எங்கே சந்தித்தீர்கள், எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று ஒரு வரி. அவர் கேட்ட லிங்க் ஏதாவது இருந்தால், அதையும் சேர்த்து அனுப்புங்கள். நாளைக்கே வேலை வாய்ப்பு கதவைத் தட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால், அடுத்த கான்ஃப்ரன்ஸுக்குப் போகும்போது, "நீங்க வர்றீங்களா?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்!