எட்டு மாதப் பேரரசரின் மனைவி

கி.பி. 69. ஒரே ஆண்டில் ரோம் நான்கு பேரரசர்களைப் பார்த்தது. மூன்றாவதாக வந்த விட்டேலியஸின் பெருந்தீனி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அவர் மனைவி கலேரியா ஃபுண்டானாவுக்குச் சில வரிகளே ஒதுக்கினார்கள். அந்தச் சில வரிகளே அவரை மதிக்க வைக்கின்றன.

முந்தைய ஆண்டின் இறுதியில் விட்டேலியஸுக்கு ஜெர்மானிய எல்லைப் படையின் தளபதிப் பதவி கிடைத்தது. புறப்பட வழிச்செலவுக்குக் காசில்லை. தாயின் காதிலிருந்த முத்தைக் கழற்றி அடகு வைத்தார். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மனைவி மக்களை ஒரு வாடகை மாடி அறையில் குடிவைத்தார். ஜனவரியில் அந்தப் படை அவரையே பேரரசராக அறிவித்தது. ரோமிலோ ஓத்தோ ஆட்சி. எதிரியின் பிடியில் கலேரியா, பிள்ளைகளுடன். ‘என் தாய்க்கோ பிள்ளைகளுக்கோ ஏதாவது நேர்ந்தால் உனக்கும் உன் மகனுக்கும் சாவுதான்’ என்று ஓத்தோவின் அண்ணனுக்கு விட்டேலியஸ் கடிதம் எழுதினார். ஓத்தோ அந்தக் குடும்பத்தைத் தொடவில்லை. ஏப்ரலில் விட்டேலியஸின் படையிடம் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார்.

மாடி அறையிலிருந்து நீரோவின் பொன்மாளிகைக்கு! அங்கே அலங்காரம் போதவில்லை என்று கலேரியா ஏளனம் செய்ததாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். அவர் நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவர். அந்த ஆண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் டாசிட்டஸோ, கொடுமைகளில் கலேரியாவுக்குப் பங்கில்லை என்கிறார். என் நம்பிக்கை டாசிட்டஸ் பக்கம். கொழுந்தனின் மனைவி டிரியாரியா பிறரின் அழிவுக்குத் துணைநின்ற அதே வீட்டில், ஓத்தோவின் ஆளாக இருந்த டிராக்கலஸ் என்ற பேச்சாளரைப் பழி சுமத்தியவர்களிடமிருந்து காத்தவர் கலேரியா. கையில் வந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தியதாகத் தெரிவது இந்த ஓர் உயிரைக் காக்கத்தான்.

டிசம்பரில், நான்காவது பேரரசராக வந்த வெஸ்பாசியனின் படை நகருக்குள் புகுந்தது. விட்டேலியஸ் பல்லக்கில் அவென்டைன் குன்றிலிருந்த மனைவியின் வீட்டுக்குத் தப்பி வந்தார். ஆனால் தங்கவில்லை, மனம் தடுமாறி, ஆளற்ற அரண்மனைக்கே திரும்பிப் பிடிபட்டார். சித்திரவதை செய்து கொன்று, உடலை டைபர் நதியில் எறிந்தார்கள். பிறகு அவரை அடக்கம் செய்தவர் கலேரியா.

நாக்குத் திக்கி ஊமைபோலவே இருந்த சின்ன மகனை, மறு ஆண்டு வெஸ்பாசியனின் தளபதி மூசியானஸ் கொல்லச் செய்தார். மகள் பிழைத்தாள். அவளுக்குச் சீர்வரிசையோடு சிறப்பாகத் திருமணம் செய்துவைத்தவர், அவள் தந்தையை வீழ்த்திய வெஸ்பாசியன்.

(தொடரும்)