கிராபிக்ஸ் கார்டு: சேலம், நாமக்கல் வட்டாரம்

கிராபிக்ஸ் கார்டு என்பது கணினித் திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டு அனுப்பும் தனிப் பலகை. முழு ஹெச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. வினாடிக்கு 60 முறை படம் மாறினால், அந்த ஒரு வினாடியில் சுமார் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்குக் கணக்குப் போட்டாக வேண்டும். 4கே திரைக்கு இது நான்கு மடங்கு. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ முப்பரிமாண விளையாட்டுக்கான கார்டுகளை வீட்டுக் கணினிகளில் பரப்பியது. 1999-இல் என்விடியா வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256 'ஜி.பி.யூ.' என்ற பெயரைப் பரப்பியது.

ஹெச்.டி. படம் பார்ப்பதற்கென்று கார்டு வாங்கிய காலம் போய்விட்டது. 2011-இல் இன்டெல் தன் பிராசஸருக்குள்ளேயே வீடியோவுக்கான தனிச் சுற்றை வைத்தது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் அதே ஆண்டு செப்டம்பரில்தான் தொடங்கியது. தனிக் கார்டு இல்லாத அந்த மடிக்கணினிகளில் பிள்ளைகள் பாடமும் பார்த்தார்கள், படமும் பார்த்தார்கள். இன்றைய பிராசஸர்கள் 4கே வீடியோவையே சிரமமின்றி ஓட்டுகின்றன. ஆகவே படம் பார்க்க மட்டும் கார்டு வாங்குவது வீண் செலவு. கல்யாண வீடியோவை 4கே-வில் வெட்டி ஒட்டுபவர்களின் நிலை வேறு. எடிட்டிங்கிலும் முடித்த வீடியோவைக் கோப்பாக மாற்றும்போதும் நல்ல கார்டு அவர்களுக்கு மணிக்கணக்கில் நேரத்தை மிச்சமாக்கும்.

விளையாட்டிலும் எல்லாவற்றுக்கும் கார்டு தேவையில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா' (2023) சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் விளையாட்டுகளுக்குத்தான் புதிய கார்டு வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 (12 ஜி.பி.), 2025-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 (8 ஜி.பி.), ஏ.எம்.டி. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி (8, 16 ஜி.பி.) ஆகியவை நடுத்தரக் குடும்பம் யோசிக்கக்கூடிய வரிசை. நினைவகம் 8 ஜி.பி.யோடு நின்றால் புதிய விளையாட்டுகளில் சீக்கிரமே மூச்சு முட்டும். கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாவது 12 அல்லது 16 ஜி.பி. வாங்குவதே சரி.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை வெயில், தூசி, கரண்ட் மூன்றும்தான். சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை என மலைகள் சூழ்ந்த சேலத்தில் ஏப்ரல், மே மாதப் பகல் வெப்பம் 40 டிகிரியை ஒட்டுவது வழக்கம். மொட்டை மாடி அறையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவர் சுடும். கார்டின் விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. காற்றே சூடாக இருந்தால் சில்லு எப்படிக் குளிரும்? வெப்பம் எல்லையை நெருங்கியதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரையில் படம் திக்கித் திக்கி நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளைப் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்கிறது. ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அது மெத்தைபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். கரண்டைத் துண்டித்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதினால் போதும். தறி ஓடும் வீட்டில் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் கணக்கு முக்கியம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்தான் தரும், மீதியை கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து வரும் தனிக் கேபிள் தர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், பி580-க்கு 190 வாட், உச்ச ரகமான ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். வீட்டில் சாதாரணமாக வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களே நின்றுவிடும், சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் பாதுகாப்பு.

கார்டு வாங்க சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. ரோடும் பெரிய சந்தைகள். எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்ட பில்லை வாங்கி, கார்டின் சீரியல் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டுக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்பதை முன்பே அளந்துகொள்ளுங்கள். பழைய, பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் புதிய கார்டை மாட்டாதீர்கள்.