மலைத்தலைவரும் எண்ணெய்க் கம்பெனியும்

நிலத்தின் மேல் விளைவது உழுதவனுக்கு என்று சொல்ல உலகம் இன்னும் முழுமனத்தோடு ஒப்பவில்லை. அவ்வாறிருக்க, நிலத்தின் அடியில் கிடப்பது யாருக்கு என்ற வினாவிற்கு விடை எளிதில் கிடைக்குமா? தலைநகரில் முடிசூடியிருக்கும் மன்னனுக்கா? மலைமேல் துப்பாக்கி தாங்கி நிற்கும் குலத்தலைவனுக்கா? ஆண்டுதோறும் அந்நிலத்தில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடியானவனுக்கா? அன்றிக் கடல்கடந்து வந்து துளையிட்ட கம்பெனிக்கா? இவ்வினா பாரசீக நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதற்கு அக்காலத்தார் கண்ட விடையையும், அவ்விடையினால் யார் வாழ்ந்தார், யார் தாழ்ந்தார் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

1901-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், பாரசீக மன்னர் முசாபருத்தீன் ஷா ஓர் உரிமைப் பட்டயத்தில் ஒப்பமிட்டார். பெற்றவர் வில்லியம் நாக்ஸ் டார்சி என்பவர். ஆஸ்திரேலியாவில் மவுண்ட் மார்கன் தங்கச் சுரங்கத்தால் பெருஞ்செல்வரானவர் அவர். அவர் பாரசீக மண்ணை மிதித்தவரல்லர். அவருடைய முகவர்களே தலைநகராம் தெகரானில் பேரம் பேசினர். பட்டயத்தின் காலம் 60 ஆண்டு. ருஷியாவின் எல்லையை ஒட்டிய ஐந்து வடமாகாணங்கள் நீங்கலாக, ஏறத்தாழ 4,80,000 சதுர மைல் பரப்பில் எண்ணெய் தேடவும், எடுக்கவும், விற்கவும் உரிமை. இதற்கு ஈடாக மன்னர் அரசு பெற்றது ரொக்கமாக 20,000 பவுன், பங்குகளாக 20,000 பவுன், ஆண்டுதோறும் நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16. ‘நிகர இலாபம்’ என்ற அந்த இரண்டு சொற்களைப் படிப்போர் மறவாதிருத்தல் வேண்டும். நிகரம் எது என்று கணக்கிடுகிறவன் எவனோ அவனே பங்கைப் பிரிக்கிறவன்.

அப்பட்டயத்தின்படி, அரசுக்குரிய பயிரிடப்படாத நிலத்தைக் கம்பெனிக்கு விலையின்றித் தரவேண்டும்; பயிர் நிலத்தை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்; வேலையாட்களுக்கும் பொருள்களுக்கும் அரசே பாதுகாப்பளிக்க வேண்டும். எழுத்தளவில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் ஷாவின் எழுத்து செல்லும் இடம் வேறு, எண்ணெய் கிடந்த இடம் வேறு!

முதலில் நாட்டின் மேற்கெல்லையிலே சியா சுர்க் என்ற இடத்தில் ஜியார்ஜ் ரெய்னால்ட்ஸ் என்னும் பொறியாளர் துளையிட்டார். 1904-இல் சிறிது எண்ணெய் கண்டது, வாணிகத்திற்குப் போதவில்லை. டார்சியின் பணமும் கரைந்தது. 1905-இல், நம் பக்கத்தார் நன்கறிந்த பர்மா எண்ணெய்க் கம்பெனி அவருக்குத் தோள்கொடுத்தது. தெற்கே சாக்ரோஸ் மலையடிவாரத்தில் தேடுவதென்று முடிவாயிற்று. அங்கே வாழ்ந்தவரே பக்தியாரிகள்.

பக்தியாரிகள் இடம் பெயர்ந்து வாழும் மேய்ச்சற் குலத்தார். கோடையில் மலைக்கு அப்பால் குளிர்ந்த மேட்டு நிலங்களுக்கும், மாரியில் குஜிஸ்தானை ஒட்டிய வெப்பச் சரிவுகளுக்கும் ஆடு மாடுகளோடும் குழந்தை குட்டிகளோடும் பனிமலையைக் கடந்து ஆண்டுக்கு இருமுறை செல்பவர். அவர்களுக்குத் தலைவரான கான்கள் இரு பெருங் குடும்பத்தினராகப் பிரிந்திருந்தனர். தலைமைப் பதவிகளை அவ்விரு குடும்பத்தாரும் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். பகிர்வில் பூசலும் குறையவில்லை. அம்மலைநாட்டில் வரி தண்டுவதும், வழக்குத் தீர்ப்பதும், வழிப்போக்கரைக் காப்பதும் கொள்ளையிடுவதும் இவர்கள் கையிலேயே இருந்தன. ஷாவின் சேவகர் அங்கே செல்ல அஞ்சினர்.

இக்கான்களை ஒன்றுமறியாத காட்டுத் தலைவர் என்று எண்ணுதல் தவறு. ஒப்பந்தம் என்பது அவர்களுக்குப் புதிதன்று. இஸ்பகானிலிருந்து அகுவாசுக்கு அவர்கள் நாட்டினூடே செல்லும் பாதையை லிஞ்ச் என்னும் ஆங்கில வணிகர் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தபோது, செலவைக் கான்களுக்குக் கடனாக எழுதிக்கொண்டது. கான்கள் பாதையில் சுங்கம் பெற்று அக்கடனை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனவே வெள்ளையர் காசும், வெள்ளையர் கடனும் அவர்கள் முன்பே சுவைத்தவையே.

1905-ஆம் ஆண்டின் இறுதியில் பேரம் தொடங்கியது. கம்பெனிக்காகப் பேசியவர் யார்? இஸ்பகானில் பிரிட்டிஷ் கன்சல் ஜெனரலாயிருந்த பிரீஸ் என்பவர். தனியார் கம்பெனியின் வாணிகத்தைப் பேசுவதற்கு அரசின் தூதரகமே வந்து உட்கார்ந்தது! எதிரே இருந்த கான்களுக்கு இதன் பொருள் விளங்காமற் போகவில்லை. தெகரானில் உள்ள மன்னரைக் காட்டிலும் கடலில் கப்பல் நிறுத்தியிருக்கும் வல்லரசு தம்மைத் தேடிவந்து பேசுகிறது என்பதில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது, அச்சமும் இருந்தது. சம்சாமுஸ் சல்தனா, சர்தார் அசாத் முதலிய மூத்த தலைவர்கள் நவம்பர் 15-இல் ஒப்பமிட்டனர்.

ஒப்பந்தத்தின் சாரம் இது. கம்பெனி பக்தியாரி நாட்டில் தடையின்றித் துளையிடலாம். பாதையும் குழாயும் கட்டிடமும் அமைக்கலாம். கான்கள் காவலாட்களைத் தரவேண்டும். அக்காவலுக்கு ஆண்டொன்றுக்கு 2,000 பவுன். எண்ணெய் கண்டு, அந்நாட்டில் தொழில் நடத்தக் கம்பெனி ஏற்படுமாயின் அதன் பங்குகளில் நூற்றுக்கு மூன்று கான்களுக்கு உரியவை.

இதில் எழுதப்பட்டவற்றினும் எழுதப்படாதவையே நம் கருத்தை ஈர்க்கின்றன. மாரிக்காலத்தில் அச்சரிவுகளில் ஆடு மேய்க்கும் குடிகளுக்கு என்ன என்று ஓர் எழுத்தும் இல்லை. மேய்ச்சல் நிலம் பயிர் நிலமன்று. ஆதலால் பட்டயத்தின் கண்ணுக்கு அது வெறுநிலம். பரம்பரை பரம்பரையாக ஒரு குலம் நடந்து நடந்து உரிமையாக்கிய நிலம், ஏர் படாத காரணத்தால் யாருக்கும் உரிமையற்றதாயிற்று! கான்களும் தம் மக்களுக்காகப் பேசினாரல்லர், தமக்காகவே பேசினர். மக்களின் நிலத்தைக் காட்டித் தலைவன் விலைபேசினான். விலை தலைவன் பெட்டிக்குப் போயிற்று. தோட்டக் கங்காணியின் தலைக்காசைப் பற்றி வீட்டு முதியோர் சொல்லக் கேட்டவர்க்கு, இம்முறையின் இயல்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தெகரான் அரசு இவ்வொப்பந்தத்தை ஏற்க மறுத்தது. மன்னர் கொடுத்த உரிமைக்கு மன்னரின் குடிகளிடம் இரண்டாம் முறை விலை கொடுப்பதாவது என்பது அதன் வாதம். வாதம் சரியே, ஆனால் வாதத்தைக் காக்கும் வல்லமை அரசுக்கு இல்லை. காப்பளிக்க இயலாத அரசும், காப்பளிப்பதாகச் சொல்லி விலைபெறும் தலைவரும், இருவரையும் தனித்தனியே வைத்துப் பேசும் கம்பெனியும் ஆக மூவர் நின்றனர். இருவர் ஒன்றுபட்டிருந்தால் மூன்றாமவனுக்கு இத்துணை எளிதாக இராது.

காவல் விலைக்கு வந்ததால் காவலே தொல்லையாயிற்று. காவலரை வைத்ததும் கான்கள், ஊதியம் தருவதும் கான்கள். பொறியாளர் கான்களைக் குறைகூறினர்; கான்கள் இன்னும் வேண்டுமென்றனர்; காவலரோ தாம் காக்கவேண்டிய முகாமையே மிரட்டலாயினர். முடிவில் 1907-இன் இறுதியில் இந்தியாவிலிருந்து பதினெட்டாம் வங்காளக் குதிரைப்படையின் சிறு பிரிவொன்று லெப்டினென்ட் ஆர்னால்டு வில்சன் என்பவரின் கீழ் அனுப்பப்பட்டது. தூதரகக் காவலைப் பெருக்குவதாக வெளியில் சொன்னார்கள். காத்ததோ எண்ணெய்த் துளையை. கம்பெனிக்கு மூலதனம் இங்கிலாந்தினது. காவலுக்கு உயிர் இந்தியனது.

முதலில் துளையிட்ட மாமதேனில் பயனில்லை. பின்னர் மஸ்ஜிதே சுலைமான் என்ற பாழ்பட்ட பழங்கோயில் அருகே துளையிட்டனர். காசு கரைந்தது, குறித்த ஆழத்திலும் எண்ணெய் காணாவிடின் கைவிட வேண்டும் என்று கிளாஸ்கோவிலிருந்து கடிதம் புறப்பட்டுவிட்டது. கடிதம் வந்து சேருமுன், 1908-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் விடியற்காலை, 1,180 அடி ஆழத்தில் எண்ணெய் பீறிட்டுத் துளைக்கோபுரத்திற்கும் மேலாக எழுந்தது. மேற்காசியாவின் எண்ணெய் வாணிகம் அந்த விடியலில் பிறந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கம்பெனி இலண்டனில் அமைந்தது. கான்களின் மூன்று விழுக்காடு எங்கே வந்தது? தாய்க்கம்பெனியில் அன்று; பக்தியாரி எண்ணெய்க் கம்பெனி எனும் பெயரால் அமைத்த கிளைக்கம்பெனியில். சுத்திகரிப்பு ஆலையும், கப்பலும், விற்பனையும் தாய்க்குரியன. கிணற்றுவாய் மட்டும் கிளைக்குரியது. வயலில் வாரம் என்று பேசி, கதிர் அறுத்தபின் வைக்கோலில் பங்கு கொடுத்தது போலாயிற்று. கான்கள் கையெழுத்திட்ட நாளில் இந்த நுட்பத்தை அறிந்திருக்க வழியில்லை. வீரம் இருந்தது, கூர்த்த மதியும் இருந்தது. கம்பெனிச் சட்டம் படித்த ஒருவன் மட்டும் அவர்கள் பக்கத்தில் இல்லை.

நிற்க. எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடல்வாய் முகம்மரா ஷேக் கசல் என்னும் அராபியத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அபாதான் தீவில் ஆலை கட்ட அவரிடம் 1909 ஜூலையில் பேசியவர் பாரசீக வளைகுடாவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டு சர் பெர்சி காக்ஸ். ஆண்டு வாடகை 650 பவுன், பத்தாண்டு வாடகை முன்பணம், மேலும் 10,000 பவுன் கடன் என்று முடிந்தது. ஷேக் கேட்டது பணம் மட்டுமன்று. தெகரான் அரசு தம்மேல் பாயுமானால் பிரிட்டன் துணைநிற்கும் என்ற உறுதியையும் கேட்டார். உறுதிமொழிகளும் வந்தன. அவற்றின் விலை எத்துணை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1911-இல் ஏறத்தாழ 140 மைல் நீளக் குழாய் மலையிலிருந்து கடலுக்கு இறங்கிற்று. 1912-இல் அபாதான் ஆலை வேலை தொடங்கிற்று. அங்கே வேலை செய்தவர் யார்? பாரசீகரும் அராபியரும் பக்தியாரிகளும் மட்டுமல்லர். இரங்கூன் அருகே சிரியம் ஆலையில் பழகிய தொழிலாளரும், பம்பாய், கராச்சி, பஞ்சாப் பக்கத்து மக்களும் ஆயிரக்கணக்கில் கப்பலேறிச் சென்றனர். 1920-இல் இந்தியத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர், பாரசீகத் தொழிலாளரும் உடன்நின்றனர், கூலி உயர்ந்தது. 1922-இல் மீண்டும் நிறுத்தியபோது பலர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். மலைத்தலைவரோடு கம்பெனி மேசையில் அமர்ந்து பேசிற்று. தொழிலாளியோடு அவ்வாறு அமர்ந்து பேச அதற்கு மனம் வரவில்லை.

கான்களின் கதை எவ்வாறு முடிந்தது? 1909-இல் அவர்கள் தம் வீரரோடு தெகரான்மேல் படையெடுத்து, மக்களாட்சிச் சட்டத்தை மிதித்த ஷாவை வீழ்த்தியவருள் முன்நின்றனர். சர்தார் அசாத் அமைச்சரானார்; சம்சாமுஸ் சல்தனா 1911-இல் முதலமைச்சரானார். இது அவர்கள் வாழ்வின் பெருமைமிக்க பகுதி, மறைத்தல் கூடாது. ஆனால் தலைநகர வாழ்வு செலவு மிக்கது. கம்பெனியிடமும் ஆங்கிலேயர் வங்கியிடமும் கடன் ஏறிற்று. நிலம் விற்றனர், வருங்கால வருவாயை ஈடுவைத்தனர். உரிமையாளராக மேசைக்கு வந்தவர் கடனாளியாக எழுந்து போயினர்.

1914-இல் பிரிட்டிஷ் அரசே இருபது இலட்சம் பவுனுக்கு மேல் கொடுத்துக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. போர்க்கப்பலுக்கு எண்ணெய் வேண்டும் அன்றோ! 1915-இல் குலத்தார் சிலர் குழாயை வெட்டினர். அந்த நட்டத்தைப் பாரசீக அரசிடமே கேட்டு, அதற்குரிய பங்கைக் கம்பெனி நிறுத்திவைத்தது. காவலுக்கென்று கான்களுக்குப் பணம். காவல் தவறியதற்கு அரசின்மேல் தண்டம்!

பின்னர் ரேசா கான் எழுந்தார், 1925-இல் ஷாவானார். வலிமையான நடுவரசு ஒன்று தோன்றியவுடன் கம்பெனிக்கும் பிரிட்டனுக்கும் மலைத்தலைவர் வேண்டாதவராயினர். ஷேக் கசல் 1925-இல் பிடிக்கப்பட்டுத் தெகரானுக்குக் கொண்டுபோகப்பட்டார். உறுதிமொழிகள் தாளிலேயே உறங்கின. 1936-இல் வீட்டுக்காவலிலே மாண்டார். சர்தார் அசாதின் மகனும் அதே பட்டம் பெற்றவருமான போர் அமைச்சர் 1933-இல் சிறைப்பட்டு அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். எஞ்சிய கான்களின் எண்ணெய்ப் பங்குகளும் அப்பத்தாண்டின் இறுதியில் அரசின் கைக்குப் போயின. 1951-இல் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியபோது, எண்ணெய் யாருக்கு என்ற வினாவிற்கு ‘நாட்டுக்கு’ என்ற புதிய விடை எழுந்தது. 1953-இல் வெளிநாட்டார் சூழ்ச்சியால் மொசாதிக்கின் அரசு கவிழ்ந்ததும் அவ்விடையின் தொடர்ச்சியே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் படிப்பினை யாது? கம்பெனி வஞ்சித்தது என்று சொல்லி ஓய்வது எளிது. வஞ்சனை பாதிக் காரணமே. மற்றப் பாதி, மக்களைக் கேளாமல் மக்களுக்காகக் கையெழுத்திடும் தலைமையில் இருக்கிறது. மன்னர் குலத்தைக் கேட்கவில்லை. கான் குடியைக் கேட்கவில்லை. கம்பெனி எவரையும் கேட்க வேண்டியதில்லை என்றாயிற்று. கூலிச்சீட்டாயினும் கடன்சீட்டாயினும், தொழிற்சங்க உடன்படிக்கையாயினும் கோயில் நிலக் குத்தகையாயினும், அதை நமக்காக ஒருவர் படித்தார், நமக்காக ஒருவர் ஒப்பமிட்டார் என்று நாம் கைகட்டி நிற்கும் நாளெல்லாம் நாமும் அம்மலைச்சரிவின் இடையரே. எழுதியதைப் படிக்கவும், எழுதாததைக் கேட்கவும் நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் கற்றல் வேண்டும். அக்கல்வி இல்லாத இடத்தில் மண்ணுக்கடியில் எத்துணைச் செல்வம் கிடந்தாலும், மேலே நிற்பவனுக்குக் கிடைப்பது காவற்கூலி மட்டுமே.